நான்கு தட்டு முன்னால்

என் அத்தான் அ-குவான் ஒரே ஒரு பாட்டில், அதுவும் அந்தப் பாட்டின் ஒரே ஓர் இடத்தில், தாளத்தில் நான்கு தட்டு முன்னதாகப் பாடத் தொடங்கிவிடுகிறார். வேறு பாட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. இதே பாட்டின் முதல் சரணத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. இரண்டாவது சரணம் முடிந்து, சாக்ஸபோன் ஒருபாடு அழுது தீர்த்து, மூன்றாவது சரணம் தொடங்கும் இடத்தில் மட்டும். மூன்று தட்டு கிடையாது, ஐந்து தட்டு கிடையாது. வாராவாரம் நான்கு.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கீலுங் துறைமுகத்தில், எங்கள் வட்டார மன்றக் கூடத்தில், புதன்கிழமை பிற்பகல் கரோக்கி பாடுகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுருதி சேரும், மீதிப் பேருக்குத் தாளம் சேரும். இரண்டும் சேர்ந்தவர்கள் அனேகமாக இல்லை. யாரும் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. வெளியே வழக்கம்போல மழை. உள்ளே சூடான தேநீர், வறுத்த நிலக்கடலை, இரண்டு மைக். வேறென்ன வேண்டும்?

என் அக்காள் பிக்-ஹாவுக்கு வேறு என்னவோ வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் என் கடையை மூடுகிற நேரம் பார்த்து அவள் போன் வரும்.

"இன்னைக்கும் பண்ணிட்டார்டி."

"என்ன பண்ணிட்டார்?"

"முன்னாடியே ஆரம்பிச்சிட்டார். கூடம் நிறைய ஆளு. நான் மைக்கைப் பிடிச்சிக்கிட்டு மரம் மாதிரி நிக்கறேன், அந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு தனியாக் கப்பல் ஏறிப் போயிட்டார்."

"அக்கா, பாட்டுதானே?"

"பாட்டா? கிட்டத்தட்ட ஐம்பது வருஷமா அவர் வாயில இருக்கற பாட்டுடி. சொந்தப் பேரை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்னு நெனச்சேன். இப்போ இதுவே போகுதுன்னா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. பிப்ரவரி மாதம் அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து, நெற்றியில் தையல் போட்டுக்கொண்டார். மார்ச் மாதம் முதல் இந்த நான்கு தட்டுத் தொல்லை. அக்காள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அதோடு விட்டாளா? ஒவ்வொரு புதனும் அவர் தடுமாறுவதைப் போனில் வீடியோப் படம் பிடித்து, 'இனிய குடும்பம்' என்ற எங்கள் லைன் செயலிக் குழுவில் போட்டாள். குழுவில் இருக்கிற அத்தைமார்கள் அதற்குக் கீழே தாமரைப் பூப் படமும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தும் போட்டார்கள். பார்த்து யோசித்தவன் ஒருவன்தான்: அவர்கள் மகன் சென்-மிங். தாவ்யுவானில் வேலை பார்க்கிறான். எல்லாவற்றையும் அளவுக்கு மேல் யோசிக்கிறவன். ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டறிக்கையில் 'நெடுநாள் பழகிய செயல்களில் தடுமாற்றம்' என்ற வரிக்கு அடிக்கோடு போட்டு அதையும் குழுவில் ஏற்றினான். ஏப்ரலில் முன்னோர் கல்லறை கழுவும் நாளுக்கு வீட்டுக்கு வந்தவன், திரும்பிப் போகும்போது அப்பாவின் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அத்தானுக்கு ஒரு நீலக் குட்டி லாரி உண்டு. மீன் சந்தைக்கு ஐஸ் ஏற்றிப்போய்ப் போடுவார். எழுபத்துநான்கு வயதிலும் சந்தைக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். அவர் ஐஸைப் பொடிக்கிற பதம் வேறு யாருக்கும் வராது என்பார்கள். எழுபத்தைந்து ஆனால் ஓட்டுநர் உரிமத்துக்கு அரசாங்கமே ஞாபகச் சோதனை வைக்கும். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்தார். "அதுவரைக்கும் யாரையாவது இடிச்சிட்டா?" என்றான் மகன். இப்போது ஐஸ் போடுவதற்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் மாற்றுச் சாவியோடு வருகிறான். அவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அத்தான் கீழே இறங்கி அதைக் கழுவுகிறார். மழையில் நின்றுகொண்டு, குடை பிடித்தபடி, வண்டியைக் கழுவுகிறார். இதைப் பார்த்தால் உங்களுக்கும் எரிச்சல் வரும்.

"உன்கிட்ட கூட்டிட்டு வரேன், காதைப் பாரு," என்றாள் அக்காள். "காது போயிருந்தா நல்லதுடி. காதுக்கு மிஷின் வச்சிடலாம். மூளைக்கு என்னத்த வப்ப?"

ரயிலடிக்குப் பின்னால் காது மிஷின் கடை வைத்திருக்கிறேன். காதைச் சோதிப்பது எளிமையான வேலை, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஆளைச் சத்தம் புகாத பெட்டியில் உட்கார வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, 'சத்தம் கேட்டதும் அழுத்துங்கள்' என்று சொல்ல வேண்டும். எப்போது சத்தம் வரும் என்று நம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் அவர்கள் காதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்து அழுத்துவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி உலகத்தைச் சோதித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அத்தான் பெட்டியிலிருந்து வெளியே வந்தார்.

"என்னம்மா, காது இருக்கா?"

"இருக்கு அத்தான். ரெண்டும் இருக்கு."

"அது தெரியும். காலைல கண்ணாடியில பாத்தேன்."

வயதுக்கு ஏற்ற காது. கோளாறு ஒன்றும் இல்லை. அக்காளின் முகம் விழுந்துவிட்டது; தன் புருஷனுக்குக் காது நன்றாக இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு வருத்தப்பட்ட பெண்ணை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

"அத்தான், நீங்க ஏன் முன்னாடியே ஆரம்பிக்கறீங்க?"

"நான் முன்னாடி ஆரம்பிக்கலம்மா. அந்த மிஷின் லேட்டா வருது."

அக்காள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தப்புச் செய்கிற ஆண்கள் சொல்கிற பதில்தானே என்று இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

ஆனாலும் மிஷின் என்று அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கலாம் என்று தோன்றியது. கூடத்தில் பழைய கரோக்கி மிஷின் போய், மார்ச்சில் புதியது வந்திருந்தது. ஒயர் இல்லாத ஸ்பீக்கர். அந்த மாதிரி ஸ்பீக்கர்களில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் அந்த யோசனையைத் தூக்கிப் போட்டேன். ஸ்பீக்கர் தாமதம் என்றால் பாட்டு முழுக்கத் தாமதம் இருக்க வேண்டும், எல்லாருக்கும் இருக்க வேண்டும், அதுவும் ஒரு கண்ணிமைப்பு அளவுக்குத்தான். இதுவோ ஒரு முழுத் தாள வட்டம். அத்தான் கண்ணை மூடி நிற்கிறார், சாக்ஸபோன் இன்னும் அழுது முடியவில்லை, இவர் அதன் தலைமேல் ஏறி அடுத்த சரணத்தை எடுத்துவிடுகிறார்.

பாட்டின் பெயர் 'நாலாம் மேடையில் மழை'. கணவனும் மனைவியும் மாற்றி மாற்றிப் பாடுகிற மாதிரி அமைத்தது. மூன்றாவது சரணத்தை ஆண் எடுக்க வேண்டும். பெண் இரண்டாவது வரியில்தான் சேர்ந்துகொள்வாள்.

அன்றைக்கு அவர்கள் பாடி முடித்ததும் (முடித்தார்கள் என்று சொல்ல முடியாது, அக்காள் பாதியில் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டாள்) லூ சார் எழுந்தார். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உட்காருவதே சோதனை போட உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதே பாட்டை அவர் ஜப்பானிய மொழியில் பாடினார். ஒரு தட்டு பிசகவில்லை.

"அசல்னா இப்படி," என்றார் மைக்கிலேயே.

"உங்க அசல் உங்களோட, லூ சார்," என்றார் அத்தான்.

"பாட்டு அவங்களோடது. உங்களுது கடத்தல் சரக்கு. எனக்குத் தெரியாதா கடத்தல்?"

"இந்தத் துறைமுகத்துல ஆம்பளைங்க கப்பல் ஏறினப்ப எந்தப் பாட்டைப் பாடினாங்க? உங்களுதையா, எங்களுதையா?"

"காலத்துல ஏறினா சரி. நீங்க நாலு தட்டு முன்னாடியே ஏறிடறீங்களே, கப்பல் வர வேணாமா?"

கூடமே சிரித்தது. மீன் உருண்டைக் கடை சியு-கிம் அக்கா நிலக்கடலை தொண்டையில் சிக்கி இருமினாள். அத்தான் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார். என் அக்காள் அதையும் படம் பிடித்தாள்.

லூ சார் சொன்னதில் பொய் இல்லை. மெட்டு ஜப்பானில் இருந்துதான் வந்தது. அந்தக் காலத்தில் இங்கே பாதி சோகப் பாட்டுகள் அப்படி வந்தவை. ஒருவர் கப்பலில் ரெக்கார்டைக் கொண்டுவருவார். கம்பெனியில் ஒருவர் அதைக் காதால் கேட்டு வாத்தியக்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பார். இன்னொருவர் ஒரே மத்தியானத்தில் எங்கள் ஹொக்கியன் மொழியில் சொல் நிரப்புவார். பொருளை மொழிபெயர்க்க வேண்டும் என்ற கவலை யாருக்கும் கிடையாது. அசை எண்ணிக்கை பொருந்தினால் போதும். ஜப்பானிய மொழியில் ஒரு பெண் துறைமுக மேடையில் நின்று, வராத கப்பலுக்குக் காத்திருக்கிறாள். ஹொக்கியனில் அவளைக் கப்பலில் ஏறிவிட்ட ஆணாக்கிவிட்டார்கள். கூட நிற்க ஒரு மனைவியையும் சேர்த்தார்கள். பிறகு வந்த மாண்டரின் பாட்டில் கப்பலே இல்லை. புதுப்பெண் ஒருத்தி ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். மூன்றுக்கும் மெட்டு ஒன்று. கேட்கிற ஒவ்வொருவரும் தங்களுடையதுதான் உண்மையான பாட்டு, மற்ற இரண்டும் போலி என்று நம்புகிறார்கள். இதில் யாரிடமும் வாதாட முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்காள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக ஓட விட்டேன். மண்டையை உடைத்துக்கொள்வது அலுத்துப்போயிருந்தது. சும்மா ஓடட்டும் என்றுதான் விட்டேன். இரண்டாவது சரணம் முடிந்தது. சாக்ஸபோன் அழுதது. நானும் முணுமுணுத்தபடி மூன்றாவது சரணத்தை எடுத்தேன். போனில் அத்தானும் எடுத்தார். இரண்டு பேரும் ஜோராகப் பாடிக்கொண்டு போனோம். அப்போது போனுக்குள் இருந்து அக்காளின் பெருமூச்சு கேட்டது.

குழாயை மூடினேன்.

நான் அத்தானோடு சேர்ந்து எடுத்திருந்தேன். மிஷினோடு இல்லை. நானும் நான்கு தட்டு முன்னால்.

கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த புதனின் படத்தைப் போட்டேன். இந்தத் தடவை கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபோது எதுவும் சரியாக வரவில்லை. கவனம் வைத்தால் எல்லாமே கெட்டுப்போகிறது. மறுபடி பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தேன். வாய் தானாக எடுத்தது. நான்கு தட்டு முன்னால். நான் எந்தக் குளியலறையிலும் விழுந்ததில்லை.

சரி, எனக்கு யார் இந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்தது? யாரும் இல்லை. அத்தான் என் அக்காளைப் பெண் பார்க்க வந்துபோன காலத்தில் எனக்குப் பத்து வயது. ஒவ்வொரு தடவையும் ஒரு ரெக்கார்டு வாங்கி வருவார். இந்த ரெக்கார்டு மட்டும் தேயத் தேய ஓடியது. பிறகு சென்-மிங் பிறந்து, லாரியில் அவர் மடியில் உட்கார்ந்து போன காலத்திலும் அதையே கேசட்டில் பதிந்து போட்டுக்கொண்டு போனார். எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே ரெக்கார்டில் இருந்து கற்றது. அப்படியானால் கேள்வியே வேறு. அத்தானின் தலையில் என்ன என்று பார்க்க வேண்டியதில்லை. அந்த ரெக்கார்டில் என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

ரெக்கார்டு அக்காளிடம் இருந்தது. அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி ஊரில் ஒரே ஒருவரிடம்தான் வேலை செய்தது. லூ சாரிடம்.

அவர் வீட்டுக்கு அன்னாசிக் கேக் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவர் உறையைப் பிரித்து, ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கீறல் எவ்வளவு! இதுக்கு ஊசி வைக்கறதே பாவம்."

"ஒரு தடவை சார். அதுக்கப்புறம் உங்க அசல். ரெண்டுலயும் இடையிசையை மட்டும் எண்ணணும்."

"எண்ணறதுக்கு என்ன இருக்கு? நகல்ல தப்பு இருக்கும்."

"இருக்கட்டும் சார். எத்தனை தப்புன்னு எண்ணலாம்."

முதலில் அவருடைய ஜப்பானிய ரெக்கார்டு. நான்கு தட்டு ஒரு வட்டம் என்று விரலால் மேசையில் தட்டிக்கொண்டே எண்ணினோம். எட்டு வட்டம் சாக்ஸபோன், பிறகு பெண் குரல். அடுத்து எங்களுடையது. ஏழு வட்டம் முடிந்தது, ஆண் குரல் எடுத்துவிட்டது. லூ சார் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். ஏழுதான்.

"குறைச்சு எழுதியிருக்கான்," என்றார்.

"சாக்ஸபோனைக் கேளுங்க சார்."

மூன்றாவது முறை வைத்தோம். குறைத்து எழுதியிருந்தால் சாக்ஸபோன் ஏழாவது வட்டத்தில் ஒழுங்காக முடிந்திருக்கும். இதில் முடியவில்லை. எட்டாவதில் ஏறப் போகிறது, ஒரு சுரம் எடுக்கிறது, பாடகர் குறுக்கே வந்துவிடுகிறார், சாக்ஸபோன் நடுச்சொல்லில் வாயை மூடுகிறது. டிரம் ஒரு கணம் தடுமாறி அவரைப் பிடித்துக்கொள்கிறது. ஐம்பது வருஷமாக நான் கேட்ட இடம். ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

என் கணிப்பு இதுதான், நிரூபிக்க ஆள் இல்லை: பாடகர் அன்று தவறி ஒரு வட்டம் முன்னால் எடுத்துவிட்டார். அப்போது எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாக வாசித்து ஒரே மூச்சில் பதிவார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலில் இருந்து வாசிக்க வேண்டும். யாரோ கையை ஆட்டி, போகட்டும் என்றிருப்பார். ரெக்கார்டு வெளியே வந்தது. ஒருவர் தப்பாகப் பாடினார்; ஊர் முழுக்க அதைச் சரியாகக் கற்றுக்கொண்டது.

பழைய மிஷின் ஏன் இடறவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அதில் இருந்த டிராக்கை இந்த ஹொக்கியன் ரெக்கார்டைக் கேட்டுத்தான் யாரோ வாசித்திருக்கிறார்கள். தப்பையும் சேர்த்து, ஏழு வட்டமாகவே. புதிய மிஷினில் மூன்று மொழிப் பாட்டுக்கும் டிராக் ஒன்றே ஒன்று, அதுவும் ஜப்பானிய அசலில் இருந்து வாசித்தது. எந்த மொழிப் பாட்டின் எண்ணை அழுத்தினாலும் திரையில் எழுத்துதான் மாறுகிறது. 'மிஷின் லேட்டா வருது' என்று அத்தான் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஒரு வட்டம் லேட்.

சென்-மிங்குக்குப் போன் செய்து இத்தனையும் பொறுமையாக விளக்கினேன்.

"சித்தி, நீங்க அப்பாவுக்கு சப்போர்ட் பண்றீங்க."

"நான் சாக்ஸபோனுக்கு சப்போர்ட் பண்றேன். புதன்கிழமை லீவு போட்டுட்டு வா."

"அம்மா சரியாத்தான் பாடறாங்க. லூ சார் சரியாத்தான் பாடறார். அப்பா ஒருத்தர்தான்..."

"வா. சாவியையும் எடுத்துக்கிட்டு வா."

வந்தான். ஈரக் குடையோடு, கறுத்த முகத்தோடு. அத்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அக்காளின் மழைக்கோட்டை எடுத்துத் திரைமேல் தொங்கவிட்டேன்.

"ஏண்டி, என் கோட்டு! தண்ணி சொட்டுது, மிஷின் கெட்டுப்போகும்!"

"கெட்டுப்போகாது. எல்லாரும் கேளுங்க. 'நாலாம் மேடை' போடறேன். யாரும் பாட வேணாம். கண்ணை மூடிக்கங்க. மூணாவது சரணம் எங்க ஆரம்பிக்கணுமோ அங்க மேசைல ஒரு தட்டு தட்டுங்க. அவ்வளவுதான்."

"பரிசு உண்டா?" என்றாள் சியு-கிம் அக்கா.

"நிலக்கடலை."

முன்னால் என்ன, பின்னால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்தை யாரும் பார்க்காமல் இருக்க, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. சாக்ஸபோன் அழத் தொடங்கியது. மனசுக்குள் வட்டத்தை எண்ணினேன். ஏழு முடிந்ததும் கூடம் முழுக்க ஒரே சத்தமாக மேசைகள் தட்டின. அந்தச் சத்தத்துக்கு நடுவே 'கிளிங்' என்று உலோகம் பட்ட ஓசை ஒன்று. பிறகு சாக்ஸபோன் மட்டும். ஒரு முழு வட்டம் கழித்து, தன்னந்தனியாக, லூ சாரின் விரல்.

திரும்பினேன். சென்-மிங் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரிச் சாவியால்தான் தட்டியிருந்தான். அவன் அம்மாவின் கை இன்னும் மேசைமேலேயே இருந்தது.

"சித்தி, மிஷின்ல என்னமோ பண்ணி வச்சிருக்கீங்க."

"மறுபடி போடறேன்."

போட்டேன். இந்தத் தடவை அவன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், தட்டக் கூடாது என்று. ஏழாவது வட்டம் முடிந்ததும் உதடு அசைந்துவிட்டது. லாரியில் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தபோது அசைந்த மாதிரியே இருந்திருக்கும்.

"அக்கா, நீயும் அங்கதான் தட்டினே."

"நான் எப்பவும் அவர் எடுத்தப்புறம்தானே சேருவேன். அதுவும் திரையைப் பாத்துத்தான் பாடுவேன்."

"அதனாலதான் நீ மாட்டல."

"என்னை ஏண்டி இதுல இழுக்கற?"

பின்வரிசையில் இருந்து அத்தானின் குரல் வந்தது. "அப்போ குடும்பத்துல எல்லாருக்கும் மூளை போச்சு. சியு-கிம்முக்கும் போச்சு. ஊர்ச் சாவியெல்லாத்தையும் சேர்த்து லூ சார்கிட்ட குடுத்துடுங்க. அவர் ஒருத்தர்தான் வண்டி ஓட்டணும்."

"எனக்கு லைசென்ஸே இல்லையே," என்றார் லூ சார்.

ரெக்கார்டு கதையை எல்லாருக்கும் சொன்னேன். கூடம் கேட்டது, பாதிப் பேர் நம்பினார்கள், மீதிப் பேர் ஜப்பானியப் பாட்டுதான் ஒரு வட்டத்தைத் தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டது என்றார்கள். சென்-மிங் எழுந்து பின்வரிசைக்குப் போனான்.

"அடுத்த வருஷம் அரசாங்கச் சோதனை இருக்கு, அப்பா. அதுக்கு நீங்க போகணும்."

"போறேன். வேணாம்னு சொன்னேனா?"

"அதுல சரியா வரலைன்னா குடுத்துடணும்."

"வரலைன்னா நானே குடுத்துடறேன். பாட்டுக்காக எல்லாம் குடுக்க மாட்டேன்."

சென்-மிங் சாவியை மேசையில் வைத்தான். அத்தான் உடனே எடுக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார், சரி பண்ணினார், பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். என் அக்காள் இருக்கும்போது எதுவும் அப்படி முடியாது.

"அதெல்லாம் சரி," என்றாள் இடுப்பில் கையை வைத்து. "பாட்டை என்ன பண்றது? மிஷின் மாறப்போறதில்ல. அடுத்த புதனும் நான் மரம் மாதிரி நிக்கணுமா?"

திரையைப் பார்த்துப் பாடச் சொன்னோம். எழுத்தைப் பார்த்துப் பாடுகிறவன் தந்தி வாசிக்கிறவன், நான் அப்படிப் பாட மாட்டேன் என்றார் அத்தான். நான்கு எண்ணச் சொன்னோம். மைக்கை வாயில் வைத்துக்கொண்டு 'ஒண்ணு, ரெண்டு' என்று சத்தமாக எண்ணினார். 'மூணு' வந்தபோது வாய் பாட்டுக்குப் போய்விட்டது. அக்காள் முழங்கையில் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடத்தில் சரியாக "ஐயோ" என்று கத்தினார். லூ சார் மட்டும் கை தட்டினார்.

"வாயை நம்பிப் பிரயோஜனம் இல்லை," என்றேன். "அது ஐம்பது வருஷமாக் கத்துக்கிட்டதைத்தான் செய்யும். உடம்புக்கு வேற வேலை குடுக்கணும். அத்தான், நீங்க எழுந்து நில்லுங்க. மிஷினைப் போடறேன். உங்க வாய் எப்போ எடுக்கணும்னு சொல்லுதோ, அப்போ பாடாதீங்க. ஜனங்களுக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லுங்க. முழுசாக் குனியணும், அப்புறம் முழுசா நிமிரணும்."

"குனிஞ்சா எப்படிப் பாடறது?"

"பாட முடியாது. அதுக்குத்தான்."

சாக்ஸபோன் அழுதது. ஏழாவது வட்டம் முடிந்தது. அத்தான் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார், சட்டைப் பைக்குள் சாவி குலுங்கியது, நிமிர்ந்தார், பாடினார். அக்காள் இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டாள். பாட்டு அதன் பாட்டுக்குப் போனது.

பழைய ரெக்கார்டில் இருந்து இந்தப் பாட்டைக் கற்றவர்கள் புதிய மிஷினில் பாடும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூன்றாவது சரணத்துக்கு முன்னால், வாய் எழும்புகிற நேரத்தில், இரண்டு தட்டுக்குக் குனிய வேண்டும், இரண்டு தட்டுக்கு நிமிர வேண்டும், நிமிர்ந்ததும் பாட வேண்டும்.